புதுப்பிப்பு: ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங் 6.5, செல்பிப் எழுதி சிஎல்பி 9 வந்துடுச்சு

கனடாவுல குடியேறுறதுக்கான எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு ஐஇஎல்டிஎஸ் ஜெனரல்ல மூணு பிரிவுல சிஎல்பி (கனடாவோட மொழித்திறன் அளவுகோல்) 9 இருக்கு, ரைட்டிங்ல மட்டும் 7 வராம 6.5, அதையே திரும்ப எழுதவா இல்ல வேற டெஸ்ட்டுக்குப் போகவான்னு கேட்டிருந்தேன்ல. பதில் போட்ட எல்லாருக்கும் மனசார நன்றி.

செல்பிப் ஜெனரல் (கனடாவோட இங்கிலீஷ் டெஸ்ட்) எழுதுங்கன்னு சொன்ன நண்பரோட யோசனைதான் கைகொடுத்துச்சு. ரைட்டிங் 9, மத்த மூணும் 10. அங்க லெவல் 9-ன்னா நேரா சிஎல்பி 9 தான். ரைட்டிங்ல ஒரு ஈமெயில் 27 நிமிஷம், ஒரு சர்வே பதில் 26 நிமிஷம், ரெண்டுமே 150-200 வார்த்தை, கட்டுரை கிடையாது, எனக்கு அதுதான் பெரிய நிம்மதி.

எதிர்பாக்காதது, ஸ்பீக்கிங்கும் கம்ப்யூட்டர்கிட்டதான், பக்கத்து சீட்டுக்காரர் பேசுறது ஹெட்செட் தாண்டி காதுல விழுது, அதனால சத்தத்துக்கு நடுவுல பேசிப் பழகிட்டுப் போங்க.

இன்னொண்ணு, அந்த ஒரு ரைட்டிங்ல எக்ஸ்பிரஸ் என்ட்ரி ஸ்கோர் 58 ஏறிடுச்சு! மொழிக்கு 8 தான், மாஸ்டர்ஸுக்கும் மூணு வருஷத்துக்கு மேல இருக்குற வெளிநாட்டு அனுபவத்துக்கும் 25, 25 கூடுது, நாலுலயும் 9 இருந்தாதான் அது கிடைக்கும். ரெண்டு டெஸ்ட் மார்க்கைச் சேர்த்துக் காட்ட முடியாது. ரிசல்ட் 2 வருஷம்தான் செல்லும், பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) அப்ளை பண்ற அன்னிக்கும் அது உயிரோட இருக்கணும்.