மீட்டிங் முடிந்த பிறகு என்ன பேசிக்கொண்டீர்கள்? வீட்டில் சிலர், ஆபீசில் சிலர்: உங்கள் அனுபவங்கள்

சாரல்காற்று, தென்காசி

எங்கள் டீமில் பாதிக்கு மேல் சென்னை ஓஎம்ஆர் ஆபீசுக்கு வாரத்தில் மூன்று நாள் போகிறவர்கள். நானும் இன்னும் சிலரும் ஊரிலிருந்தே வேலை பார்க்கிறோம். 2020 மார்ச்சில் லாக்டவுன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தவள் நான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதால் நிரந்தரமாகவே வீட்டிலிருந்து பார்க்க அனுமதி கிடைத்தது. வேலையில் குறை ஒன்றும் இல்லை. குறை வேறு இடத்தில்.

மீட்டிங் அறையில் நடுமேசையில் ஒரு மைக். அதன் பக்கத்தில் உட்கார்ந்தவர் பேசுவது கேட்கும், கடைசி நாற்காலிக்காரர் பேசுவது கேட்காது. அவர் ஏதோ சொல்வார், அறையே சிரிக்கும். எனக்குத் திரையில் தோள்கள் குலுங்குவது மட்டும் தெரியும். “என்ன ஆச்சு?” என்றால், “ஒண்ணுமில்ல மேடம், நீங்க சொல்லுங்க.” யாரும் வேண்டுமென்று ஒதுக்கவில்லை. ஒரு கிண்டலை இரண்டாம் தடவை விளக்கிச் சொன்னால் அதில் சிரிக்க ஒன்றும் இருக்காது, அவ்வளவுதான். ஆனால் ஒரு வருஷம் இப்படியே போனால் யாருக்குக் கல்யாணம் நிச்சயமானது, யார் பேப்பர் போட்டு வேலையை விடுகிறார், எந்த கிளையண்ட் முறைத்துக்கொண்டிருக்கிறார், எதுவுமே நமக்குத் தெரியாது.

இதை மாற்றியது புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி. சாயங்காலம் டீக்கு இறங்கும்போது காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு எனக்குப் போன் போடுவான். “அக்கா, டீக்குப் போறேன், வர்றீங்களா?” பஸ் ஹாரன், “மாஸ்டர், ரெண்டு ஸ்ட்ராங்” என்ற குரல், எல்லாம் கேட்கும். நானும் இங்கே அடுப்பில் பாலை வைத்துவிடுவேன். ஆரம்பத்தில் என்ன பேசுவதென்றே இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஊரில் மழையா, குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்பதோடு முடிந்துவிடும். அப்புறம் கூட வருகிறவர்களும் “யாருடா, தென்காசி அக்காவா? குடு” என்று போனை வாங்க ஆரம்பித்தார்கள். நாங்கள் மாதக்கணக்காக எழுதிக்கொண்டிருந்த ஒரு மாட்யூலை (சாஃப்ட்வேரின் ஒரு பகுதியை) கிளையண்ட் கைவிடப் போகிறார் என்பது எனக்குத் தெரியவந்தது அந்தக் கடை வாசலில்தான். மெயில் வர அதற்குப் பிறகும் பல நாள் ஆனது.

இப்படிச் செய் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. அவனுக்குத் தோன்றியது, செய்தான். உங்கள் இடங்களில் எப்படி?

சோழிங்கநல்லூர் சிக்னல்

நான் ஆபீஸ் பக்கத்து ஆள், டீம் லீடும்கூட. மேலிடத்திலிருந்து வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ‘ஃபன் டைம்’ என்று எங்கள் எல்லாருடைய காலண்டரிலும் போட்டார்கள். கேமரா கட்டாயம். தம்போலா, எண்ணைக் கூப்பிடக் கூப்பிட டிக்கெட்டில் அடிக்கிற ஆட்டம். வீட்டில் இருப்பவர்கள் டிக்கெட்டைப் பார்த்தபடி மியூட்டில். ஆபீசில் இருப்பவர்கள் கையிலிருக்கும் வேலையை முடித்து கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கும் கவலையில். முதலில் ஐந்து எண் அடித்து ‘ஏர்லி ஃபைவ்’ ஜெயித்தவருக்குக் கூப்பன் வந்தது, பேச்சுதான் வரவில்லை. கொஞ்ச வாரத்தில் தானாக நின்றுபோனது. ஏன் நின்றது என்று ஒருவரும் கேட்கவில்லை.

பலன் தந்தது என்று பார்த்தால், மீட்டிங் பத்தரைக்கு என்றால் பத்து இருபதுக்கே லிங்கைத் திறந்து, அறையின் திரையில் ஓட விட்டுவிட்டு நான் தண்ணீர் பிடிக்கப் போய்விடுவேன். லீட் உட்கார்ந்திருந்தால் அரட்டை வராது, இது எந்த ஆபீசுக்கும் பொருந்தும். திரும்பி வரும்போது மதுரையில் இருக்கிறவரும் இங்கே இருக்கிறவரும் கிரிக்கெட்டில் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். கலைக்க மனசு வராது.

அப்புறம், அறையில் எத்தனை பேர் இருந்தாலும் எல்லாரும் அவரவர் லேப்டாப்பிலும் சேர வேண்டும் என்று வைத்தோம். அப்போதுதான் முகங்கள் தனித்தனியாகத் தெரியும். மைக்கும் ஸ்பீக்கரும் அறையின் கருவியில் மட்டும். லேப்டாப்பில் இரண்டையும் அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் எதிரொலி கிளம்பிக் காதைக் கிழிக்கும். முதலில் முனகினார்கள். ஆனால் கடைசி நாற்காலிக்காரர் காதோடு சொல்லிக்கொண்டிருந்த கிண்டல் இப்போது சாட்டில் வருகிறது. சாரல்காற்று சொன்ன ‘ஒண்ணுமில்ல’வுக்கு எங்களிடம் கிடைத்த மருந்து இதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நெருக்கத்தை யாரும் திட்டம் போட்டுக் கொண்டுவர முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் ஆட்களில் பலர் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம். கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை, தரைத்தளத்தில் தண்ணீர். அதுவரை ‘பாவம், தூரத்தில் இருக்கிறார்கள்’ என்று நாங்கள் நினைத்திருந்த ஊர்க்காரர்கள்தான் அன்றைக்கு எங்களைத் தேடினார்கள். மதுரையில் இருக்கும் ஒரு டெஸ்டர், யாரிடம் கடைசியாக எப்போது பேச முடிந்தது, யார் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, யார் எந்த மாடியில் என்று ஒரு ஷீட் போட்டு வைத்திருந்தார். பெரும்பாக்கத்தில் மாட்டிக்கொண்ட ஒரு பையனுக்கு அதே அடுக்குமாடியில் வேறொரு டீம் ஆள் இருக்கிறார் என்பதைக் கண்டுபிடித்துச் சொன்னது அவர்தான். இரண்டு பேரும் ஒரே லிஃப்டில் ஏறி இறங்கியவர்கள், தெரியாது! புயல் போன பிறகும் அந்த வாட்ஸ்அப் குழுவை யாரும் கலைக்கவில்லை. இப்போது அதில் வாடகை வீடு, பழைய பைக், மாமியார் ஊர் மாம்பழம் எல்லாம் ஓடுகிறது.

இரண்டு வாண்டுகளின் அம்மா, கோவை

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். திடீரென்று வருகிற போன் எல்லாருக்கும் இனிப்பாக இருக்காது. எனக்குச் சாயங்காலம் நாலு மணி என்பது ஸ்கூல் வேன் வருகிற நேரம். அப்போது யாராவது “சும்மாதான் கூப்பிட்டேன்” என்றால் எனக்கு அழுகைதான் வரும். பேசாமல் இருக்கும் உரிமையும் வேண்டும் இல்லையா?

முந்தைய கம்பெனியில் ஸ்லாக் என்ற ஆபீஸ் சாட் செயலியில் ‘டோனட்’ என்று ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். அது தானாகவே இரண்டிரண்டு பேராகக் கோத்துவிட்டு “அறிமுகம் செய்துகொள்ளுங்கள்” என்று சொல்லும். என்னை ஒரு தடவை ஒரு வைஸ் பிரசிடெண்டோடு கோத்துவிட்டது. அவர் நல்ல மனிதர். ஆனாலும் நான் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து, வேலைக்கு இன்டர்வியூ போல பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கருவி மேல் குறை சொல்ல மாட்டேன். ஒரே நிலையில் இருப்பவர்களை, அதுவும் விருப்பப்பட்டவர்களை மட்டும் கோத்திருந்தால் நன்றாக வந்திருக்கலாம்.

இப்போது இருக்கும் இடத்தில் யாரோ ‘எல்கேஜி அட்மிஷன்’ என்று ஒரு சேனல் தொடங்கினார்கள். எந்தப் பள்ளியில் எப்போது ஃபார்ம் தருகிறார்கள், ஃபீஸ் எவ்வளவு, வேன் எந்தத் தெரு வரை வரும். அட்மிஷன் சீசன் முடிந்தும் அது நிற்கவில்லை. காய்ச்சல், லீவு, வீட்டுப்பாடம், பேரண்ட்ஸ் மீட்டிங்கில் யார் திட்டு வாங்கினார் என்று வளர்ந்துவிட்டது. ஆபீஸ் போகிற அப்பாக்கள்தான் அதில் அதிகம் எழுதுகிறார்கள். குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு நான் பதில் போட்டால் போதும். பேச ஒரு காரணத்தைக் கொடுத்தால் அரட்டை தானாக வந்து சேர்கிறது. அரட்டைக்கென்றே கூட்டினால்தான் எல்லாரும் மோட்டுவளையைப் பார்க்கிறார்கள்.

நூலும் நானும், ஈரோடு

நீங்கள் எல்லாரும் ஐடி கம்பெனிக்காரர்களா? நான் திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர், துணி வாங்குகிற பையருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே ஆர்டரைக் கவனிக்கிற ஆள். குழந்தை பிறந்த பிறகு வாரத்தில் பாதி நாள் ஈரோட்டு வீட்டிலிருந்து பார்க்கிறேன். எங்களிடம் ஸ்லாக், கிலாக் எதுவும் கிடையாது. போன், வாட்ஸ்அப், மெயில். அவ்வளவுதான்.

சாம்பிள் செக்‌ஷன் இன்சார்ஜ் அண்ணனுக்கு டைப் பண்ணப் பிடிக்காது, வீடியோ காலும் பிடிக்காது. வாய்ஸ் மெசேஜ் மட்டும். பின்னால் ஓவர்லாக் மெஷின் ஓடுகிற சத்தத்தில் பாதி புரியாது. ஆபீசில் இருக்கிற நாளில் அவர் மேசைப் பக்கம் போய் நின்றாலே போதும், பத்து விஷயம் காதில் விழும். வீட்டிலிருந்து “அண்ணா, சாம்பிள் ரெடியா?” என்று கேட்டால் “ஆச்சு” அல்லது “ஆகலை”. அதோடு சரி.

அதனால் கேள்வியை முதலில் கேட்பதை நிறுத்தினேன். “சாப்டீங்களாண்ணா? பாப்பாவுக்கு காலேஜ் கிடைச்சுதா?” என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுவேன். அவருக்கு நேரம் கிடைக்கும்போது பதில் வரும், நீளமாக. 2011இல் ஹைகோர்ட் உத்தரவில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடியபோது வெள்ளைத் துணியை வைத்துக்கொண்டு சாயம் போட இடம் தேடி அலைந்த கதையெல்லாம் அப்படி வந்ததுதான். ஒரு நாள் அந்தக் கதைக்கு நடுவே, “இப்பவும் பாரும்மா, அந்த நேவி ப்ளூ லாட் ரீ-டையிங் போயிருக்கு” என்றார், அதாவது மறுபடி சாயம் போட. லேப் டிப்பில், அதாவது சின்னத் துணித்துண்டில் சாயம் போட்டுக் காட்டி, அப்ரூவ் ஆன கலருக்கும் வந்த துணிக்கும் ஷேட் மாறியிருக்கிறது. எனக்கு யாரும் முறைப்படி சொல்லவில்லை. அன்று மாலைதான் பையருக்கு ஷிப்மெண்ட் தேதி உறுதி செய்து மெயில் போடுவதாக இருந்தேன். போடாமல், முதலில் டையிங் யூனிட்டைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

காரியத்துக்காகத்தானே நலம் விசாரிக்கிறாய் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். இருக்கட்டும். அவர் மகளுக்குக் காலேஜ் கிடைத்தபோது முதலில் மெசேஜ் வந்தது எனக்குத்தான்.

மாடிப்படி

நேரில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தாமஸ் ஆலன் என்ற எம்ஐடி பேராசிரியர் 1970களில் பொறியாளர்கள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று ஆராய்ந்தார். இருவர் மேசைகளுக்கு இடையே தூரம் கூடக்கூடப் பேச்சு மளமளவென்று குறைகிறது. ஐம்பது மீட்டர் தாண்டினாலே வழக்கமான பேச்சு ஏறக்குறைய இல்லை. வேறு மாடி என்றால் கேட்கவே வேண்டாம். தரமணிப் பக்கம் நான் வேலை பார்த்த கட்டடத்தில் நாலாம் மாடிக்காரர்களை ஆண்டு விழாவில்தான் பார்ப்போம். அப்போது வீட்டிலிருந்து வேலை என்ற பேச்சே கிடையாது.

ஆனால் தொலைவு ஒன்றும் செய்யாது என்றும் சொல்ல மாட்டேன். மைக்ரோசாஃப்ட் தன் அமெரிக்க ஊழியர்கள் 61,000 பேருக்கு மேல் 2020 முதல் பாதியில் எப்படித் தொடர்புகொண்டார்கள் என்று பார்த்து, 2021இல் ஆய்வாக வெளியிட்டது. எல்லாரும் வீட்டுக்குப் போனதும் வேறு வேறு குழுக்களுக்கு நடுவே இருந்த தொடர்பு குறைந்தது, சொந்தக் குழுவுக்குள் ஒட்டுதல் கூடியது. புது ஆட்களோடு பழக்கம் உண்டாவதும் குறைந்தது. என் கணக்குப்படி தேநீர்க்கடை அழைப்பு சொந்த டீமுக்குப் போதும். அடுத்த டீமில் ஒருவரைத் தெரிந்துகொள்ளத்தான் எல்கேஜி சேனல் மாதிரி ஏதாவது வேண்டும்.

புதுசு

நான் 2021இல் வேலைக்குச் சேர்ந்தவன். லேப்டாப் கூரியரில் வந்தது, ட்ரெயினிங் முழுக்க வீட்டில். என் பக்கத்து மேசைக்காரர் என்று ஒருவர் எனக்கு இருந்ததே இல்லை. சீனியரிடம் சும்மா பேசலாமா, “வேலை இல்லையா உனக்கு?” என்பாரா? இதற்குப் பயந்தே டவுட்டைக்கூட கேட்காமல் கூகுளில் தேடிக்கொண்டிருப்பேன். எப்படித் தொடங்குவது?

நூலும் நானும், ஈரோடு

தம்பி, டவுட்டில் தொடங்குங்கள். பதில் சொன்ன பிறகு உடனே “தேங்க்ஸ், பை” என்று வைக்காமல், “நீங்க எந்த ஊர் சார்?” என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். நம் ஆட்கள் ஊர்ப்பெயரைக் கேட்டால் நிறுத்த மாட்டார்கள்.

சோழிங்கநல்லூர் சிக்னல்

லீட் பக்கத்திலிருந்து: புதிதாக வருகிறவர்களுக்கு முதல் மாதம் ஒரு ஆபீஸ் ஆளை ஒப்படைத்துவிடுவோம், ரிவ்யூ எழுதும் வேலை இல்லாத ஆளாகப் பார்த்து. மார்க் போடுகிறவரிடம் யார் அரட்டை அடிப்பார்கள்?

சாரல்காற்று, தென்காசி

கோவை அக்கா, உங்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது. அந்தத் தம்பியிடம் சொல்லிவிட்டேன்: மற்ற ஊர்க்காரர்களை அழைக்கும் முன்னால் “டீ?” என்று ஒரு மெசேஜ் மட்டும் போடு, பதில் வராவிட்டால் விட்டுவிடு. விசாகப்பட்டினத்து ஆள் ஒருவர் ஒரு தடவைகூட பதில் போடவில்லையாம். ஆனால் தன்னை லிஸ்டிலிருந்து எடுக்க வேண்டாம் என்றிருக்கிறார்.

லேப்டாப் யோசனையை எங்கள் லீடிடம் சொன்னேன். “எக்கோ வருமே” என்றார். நீங்கள் எழுதியதை அப்படியே அனுப்பினேன், வியாழக்கிழமை சோதித்துப் பார்க்கிறார்களாம். அடுத்த மாதம் பொதிகை ரயிலில் சென்னை வருகிறேன். போன தடவை போனபோது காலையிலிருந்து சாயங்காலம் வரை மீட்டிங் அறையிலேயே அடைத்துவைத்தார்கள், தென்காசியில் உட்கார்ந்து கேட்டதையே அங்கே போய்க் கேட்டேன். இந்தத் தடவை மதியத்துக்கு மேல் காலண்டரை நானே பூட்டிவிட்டேன்.