பெலருசியம் – ஷோனா ஒப்பீடு: பாலும் பெயர் வகுப்பும் ஒன்றுதானா?

கொற்கை (கேள்வி):
மொழியியல் முதுகலை ஆய்வேட்டுக்கு உறவே இல்லாத இரண்டு மொழிகளை ஒப்பிட வேண்டும். கிழக்கு ஸ்லாவிய மொழியான பெலருசியத்தையும், ஜிம்பாப்வேயின் பாண்டு மொழியான ஷோனாவையும் எடுத்திருக்கிறேன். முன்னதின் மூன்று பாலையும் பின்னதின் பெயர் வகுப்புகளையும் (முன்னொட்டால் பிரியும் பெயர்ச்சொல் குழுக்கள்) ஒரே தலைப்பில் வைக்கலாமா? ஷோனாவில் வேற்றுமை உருபு கிடையாது என்கிறார்கள். அப்படியென்றால் 'மகனுக்கு', 'வீட்டில்' என்பதை எதை வைத்துச் சொல்கிறார்கள்? எழுத்துமுறைப் பகுதியில் எதைக் கவனிக்க வேண்டும்? எடுத்துக்காட்டுகள் தமிழ் எழுத்திலேயே இருந்தால் நல்லது.

வேர்ச்சொல்:
ஒரே தலைப்பில் வைக்கலாம். ஆனால் தலைப்பு 'பால்' என்று இருக்கக் கூடாது, 'இயைபு' என்று இருக்க வேண்டும். பெயர்ச்சொல் தன் அடையாளத்தை வாக்கியத்தின் மற்றச் சொற்களில் பதிப்பதுதான் இரண்டுக்கும் பொது.

பெலருசியத்தில் அடையாளம் சொல்லின் கடைசியில் விழும். 'வியலீக்கி தோம்' (பெரிய கட்டடம், ஆண்பால்), 'வியலீக்கயா ஹாத்தா' (பெரிய வீடு, பெண்பால்), 'வியலீக்கயே அக்னோ' (பெரிய சன்னல், அலிப்பால்). பன்மையில் மூன்றும் 'வியலீக்கியா' என்று ஒன்றாகிவிடும். இறந்தகால வினையிலும் பால் தெரியும். வாங்கியவன் 'குப்பியூ' என்பான், வாங்கியவள் 'குப்பீலா' என்பாள்.

ஷோனாவில் அடையாளம் சொல்லின் தலையில். '-ன்ஹு' என்ற ஒரே வேரை எடுங்கள்:
முன்ஹு மு-குரு அ-னோவ: பெரிய ஆள் விழுகிறார்
வன்ஹு வ-குரு வ-னோவ: பெரிய ஆட்கள் விழுகிறார்கள்
சின்ஹு சி-குரு சி-னோவ: பெரிய பொருள் விழுகிறது
ஸ்வின்ஹு ஸ்வி-குரு ஸ்வி-னோவ: பெரிய பொருள்கள் விழுகின்றன

முதல் வரியில் வினை மட்டும் 'மு' வாங்காமல் 'அ' வாங்குகிறது. 'முன்ஹு' சேரும் முதல் வகுப்பின் எழுவாய் முன்னொட்டு அதுதான். பன்மை இங்கே வேறுபாடுகளை அழிப்பதில்லை, பன்மையே தனி வகுப்பு. வகுப்புகள் ஏறத்தாழ இருபது. வகுப்பை மாற்றினால் பொருளும் நகரும்: 'முகொமன' என்றால் பையன், 'ககொமன' என்றால் சின்னஞ்சிறு பையன், 'துகொமன' அதன் பன்மை. பெலருசியப் பாலுக்கு இந்த ஆக்கத்திறன் இவ்வளவு தாராளமாகக் கிடையாது. ஆய்வேட்டில் இந்த இடத்துக்குத்தான் அதிகப் பக்கம் ஒதுக்குவேன்.

மணிமேடை:
வேற்றுமைக்கு வருகிறேன். பெலருசியத்தில் ஆறு. உருபு சேரும்போது வேரின் கடைசி மெய்யும் மாறும் என்பதுதான் சிக்கல். 'ரூக்கா' (கை) இடவேற்றுமையில் 'ருத்ஸே', 'நஹா' (கால்) 'நஸே', 'ஹாத்தா' (வீடு) 'ஹாத்ஸே'. உருபுகளை மட்டும் அட்டவணை போட்டு வைத்தால் பாதி வடிவங்கள் தப்பாக வரும்.

ஷோனாவில் 'மகனுக்கு' என்பது பெயரில் இல்லை, வினைக்குள் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வையுங்கள்:
பெலருசியம்: யா குப்பியூ ஸீனு க்னீஹு (நான் மகனுக்குப் புத்தகம் வாங்கினேன்). 'ஸின்' என்பதில் சேர்ந்த 'உ'தான் நம் 'கு'.
ஷோனா: ந்த-தெங்க்-எர்-அ ம்வன புக்கு (நான் குழந்தைக்குப் புத்தகம் வாங்கினேன்). 'தெங்க்' வாங்குதல். 'எர்' என்பது 'ஒருவருக்காக' என்ற பொருளை வினையில் ஏற்றுகிறது. 'ம்வன' அப்படியே நிற்கிறது.
'அவனுக்கு வாங்கினேன்' என்றால் ந்த-மு-தெங்க்-எர்-அ. அதே இடத்தில் 'எஸ்' போட்டால் 'தெங்கெஸ': வாங்கச் செய்தல், அதாவது விற்றல்.

வேரில் எ அல்லது ஒ இருந்தால் 'எர்', மற்ற உயிர்களுக்கு 'இர்'. இதை விட்டுவிட்டு இரண்டு தனி ஒட்டுகள் என்று பலர் எழுதிவிடுகிறார்கள்.

இடப்பொருளுக்கு ப, கு, மு என்று மூன்று முன்னொட்டுகள். 'இம்ப' வீடு, 'மும்ப' வீட்டினுள். இவை வேற்றுமை உருபு அல்ல, முழு வகுப்புகள். 'மும்ப முனெ வன்ஹு' (வீட்டுக்குள் ஆட்கள் இருக்கிறார்கள்) என்பதில் வினைக்கு முன்னொட்டைத் தருவது ஆட்கள் அல்ல, வீட்டினுள் என்ற இடம். வேர்ச்சொல் சொன்ன இயைபு அத்தியாயத்துக்குள் இதையும் கொண்டுபோக வேண்டும்.

கரிசல்:
எழுத்துமுறை பற்றி. பிரனிஸ்லாவ் தாரஷ்கெவிச்சின் பெலருசிய இலக்கணம் 1918-இல் வந்தது. ஷோனாக் கிளைமொழிகளை ஒரே எழுத்துமுறையில் இணைக்கும், மொழியியலாளர் கிளெமென்ட் டோக்கின் அறிக்கை 1931-இல். இரண்டு மொழிக்கும் இன்றைய எழுத்துமரபின் அடித்தளம் கிட்டத்தட்ட ஒரே தலைமுறையில் உருவானது, முன்னுரைக்கு உதவும்.

பெலருசியத்தில் அழுத்தம் இல்லாத ஒகரம் அகரமாவதை எழுத்திலேயே காட்டுவார்கள்: 'வதா' (தண்ணீர்), பன்மை 'வோதி'. ரஷ்ய மொழி உச்சரிப்பில் மாற்றினாலும் எழுத்தில் ஒகரத்தை வைத்துக்கொள்ளும். ஷோனா நேர் எதிர். உயர், தாழ் என்று இரண்டு சுரம் (பொருளை வேறுபடுத்தும் குரல் ஏற்ற இறக்கம்) உண்டு, எழுத்தில் எதுவும் தெரியாது. அதனால் அச்சிட்ட பனுவலை மட்டும் வைத்து ஷோனாவின் ஒலியியலை எழுத வேண்டாம். சுரம் குறித்த அகராதியோ ஒலிப்பதிவோ கட்டாயம் வேண்டும்.

கொற்கை:
மிக்க நன்றி. எடுத்துக்காட்டுகளைக் கணினியில் தொகுக்கும்போது கவனிக்க ஏதாவது உண்டா?

மணிமேடை:
உண்டு. தமிழ் எழுத்துப்பெயர்ப்பை விளக்கத்துக்கு மட்டும் வையுங்கள், தரவு மூல எழுத்திலேயே இருக்கட்டும். ஷோனாவில் உள்ளிழுத்து ஒலிக்கும் பகரமும் மூச்சோடு வரும் பகரமும் வெவ்வேறு ஒலிகள், தமிழில் இரண்டும் 'ப' ஆகிவிடும். 'ஸ்வி' என்று நாம் எழுதுவதும் உண்மையில் சீழ்க்கை கலந்த ஒரே மெய்.

பெலருசிய இகரம் பார்வைக்கு லத்தீன் எழுத்து மாதிரியே இருக்கும், கணினிக் குறியீடு வேறு. ரஷ்ய விசைப்பலகையில் அது இல்லாததால் பலர் லத்தீன் எழுத்தைத் தட்டிவிடுகிறார்கள். பிறகு தேடினால் அந்தச் சொல் சிக்காது. மேற்கோள் குறி போன்ற பிரிப்புக் குறியும் இரண்டு குறியீடுகளில் புழங்குகிறது. தொகுத்து முடித்ததும் இரண்டையும் ஒரே வடிவுக்கு மாற்றிவிட்டு, அதன் பிறகு எண்ணிக்கை எடுங்கள்.

கரிசல்:
ஒன்று சேர்க்கிறேன். பெலருசியப் பனுவல் 1918 மரபா, 1933 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிந்தியதா என்று ஒவ்வொரு கோப்பிலும் குறித்து வையுங்கள். பக்கத்து மெய்யால் ஒரு மெய் மென்மையாவதை முன்னது எழுத்தில் காட்டும், பின்னது காட்டாது. கலந்துவிட்டால் ஒரே சொல் இரண்டாக எண்ணப்படும்.