லைன் ரோலர் கீச்சிடுது: பேரிங்கைக் கழுவினா போதுமா, மாத்தணுமா?

கரைத்தூண்டில்:
6000 சைஸ் ஸ்பின்னிங் ரீல், கடலுக்கு மட்டும்தான் பயன்படுத்துறது. சும்மா சுத்தினா சத்தமே இல்ல. லூர் (செயற்கை இரை) கொஞ்சம் இழுவை கொடுத்தாலோ மீன் மாட்டினாலோ பெய்ல் ஆர்ம் (ஸ்பூல் மேல மடங்குற கம்பி) பக்கத்துல கீச்சுனு கத்துது. டபிள்யூடி-40 அடிச்சா அன்னைக்கு அடங்கும், அடுத்த தடவை பழையபடிதான். பிரெய்டும் (பின்னல் நூல்) முறுக்கிக்கிட்டு வருது. பேரிங் போயிடுச்சுன்னு எப்படி உறுதி பண்றது? கழுவுறதுக்கு பெட்ரோலா, தின்னரா? மாத்துறதா இருந்தா என்ன சைஸ் கேட்டு வாங்கணும்?

முகத்துவாரம்:
பாரம் ஏறும்போது மட்டும் கத்துதுன்னா 10-க்கு 9 லைன் ரோலர்தான், அதாவது பெய்ல் ஆர்ம் முனையில நூல் ஓடுற சின்ன உருளை. கியர் பல் போயிருந்தா வெறுமனே சுத்தும்போதே கையில ஒரு உறுமல் தெரியும். பினியன் பேரிங் போயிருந்தா ரோட்டரே (பெய்ல் ஆர்மைச் சுமந்து சுத்துற பாகம்) லேசா ஆடும்.

உறுதி பண்ண ஒரு முழம் பிரெய்டை எடுத்து ரோலர் மேல போட்டு, ரெண்டு முனையையும் பிடிச்சு இப்படியும் அப்படியும் இழுத்துப் பாருங்க. நூலோட ரோலரும் திரும்பணும். நூல் வழுக்கி, ரோலர் அப்படியே நின்னா அதுதான் உங்க முறுக்கலுக்கும் காரணம். இப்படியே ஓட்டினா ரோலர் பூச்சுல நூல் தடம் விழும், அப்புறம் அந்தத் தடமே பிரெய்டை அறுக்கும்.

உடனே பேரிங் செத்துப்போச்சுன்னு முடிவு கட்டாதீங்க. பல சமயம் பேரிங் நல்லாவே இருக்கும். ரோலருக்கும் பக்கத்து வாஷருக்கும் நடுவுல உப்பு கட்டி இறுகியிருக்கும்.

கழட்டும்போது: ஜப்பான் ரீல்கள்ல இருக்கிறது ஜேஐஎஸ் திருகு. வீட்டுல இருக்கிற சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அதுல முழுசா உக்காராது, தலையைத் தேய்ச்சு விட்டுடும். கம்பெனியில திருகுப் பசை போட்டிருப்பாங்க. திரும்ப மறுத்தா முரட்டுத்தனம் வேண்டாம். சால்டரிங் அயர்ன் முனையைத் திருகுத் தலையில கொஞ்ச நேரம் வச்சா பசை இளகும். ஒவ்வொரு துண்டு வரும்போதும் போன்ல ஒரு படம். வாஷர், காலர், பேரிங், ரோலர்னு ரீலுக்கு ரீல் வரிசை மாறும். காலருக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் உண்டு. திருப்பிப் போட்டா திருகை இறுக்கினதும் ரோலர் நின்னுடும்.

இப்போ கழுவுறது. இதுல நிறைய பேர் விடுற விஷயம் ஒண்ணு இருக்கு: உப்பு பெட்ரோல்ல கரையாது. அசிட்டோன்லயும் கரையாது, தின்னர்லயும் கரையாது. அதெல்லாம் கிரீஸை மட்டும்தான் எடுக்கும். நீங்க பேரிங்கை அசிட்டோன்ல மணிக்கணக்கா ஊற வச்சாலும் உள்ள இருக்கிற உப்புத் தூள் அங்கேயேதான் இருக்கும். எண்ணெய் போட்டதும் அது கூழாகி, ரெண்டு வாரத்துல துரு. அதனால மூணு குளியல் வேணும், வரிசை முக்கியம்.

முதல்ல கிரீஸை எடுக்கணும். சின்னக் கண்ணாடி பாட்டில்ல பேரிங் மூழ்கும் அளவு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊத்தி மூடி குலுக்குங்க. கிரீஸ் ரொம்ப இறுகியிருந்தா ஒரு தடவை அசிட்டோன், ஆனா ரப்பர் சீல் இருந்தா அசிட்டோன் வேண்டாம், ஊதிப்போகும். ரீல் உடம்பு மேலயும் ஒரு சொட்டு படக்கூடாது, பெயின்ட் உரியும். நெயில் பாலிஷ் ரிமூவர் அசிட்டோன்தானேன்னு எடுக்காதீங்க, அதுல வாசனையும் எண்ணெய்ப் பொருளும் கலந்திருக்கும். ரெண்டாவது, கை பொறுக்கும் சூட்டுல நல்ல தண்ணி, கால் மணி நேரம், நடுவுல தண்ணிய மாத்தி. இதுதான் உப்பை எடுக்குது. மூணாவது, தண்ணியில இருந்து எடுத்த கையோட புது ஆல்கஹால்ல முக்கி ஈரத்தை விரட்டணும். தாமதிச்சா கண்ணு முன்னாடியே துரு படியும். அப்புறம் காகிதத்து மேல வச்சு உலர விடுங்க. கம்ப்ரஸர் காத்தை வச்சு விர்ர்னு சுத்த விடுறது பாக்க ஜோரா இருக்கும். எண்ணெய் இல்லாம அந்த வேகத்துல சுத்தினா குண்டும் ரேஸும் (குண்டு ஓடுற வளையத் தடம்) அப்பவே கீறல் விழும்.

உலர்ந்த பேரிங் கடகடன்னு சத்தம் போடத்தான் செய்யும், அதை வச்சு தீர்ப்பு சொல்லாதீங்க. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கூரான பென்சில்ல இறுக்கமா மாட்டி, வெளி வளையத்தை விரலால லேசா அழுத்திக்கிட்டே மெதுவா திருப்புங்க. ஒரே இடத்துல கல் மாதிரி தட்டுப்பட்டா ரேஸ்ல குழி விழுந்திருக்கு. குழியைக் கழுவி எடுக்க முடியாது, தூக்கிப் போடுங்க.

டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டுறதுக்கு நல்லது. ஆனா இருக்கிற கிரீஸையும் இளக்கிக் கொண்டுபோயிடும். அன்னைக்கு அடங்கி மறுநாள் கத்துறது அதனாலதான்.

பேரிங்பெட்டி:
அளவு பற்றி. வெர்னியரில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், இந்த வரிசையில் மூன்றையும் அளங்கள். லைன் ரோலரில் பெரும்பாலும் 4×7×2.5 மி.மீ. இருக்கும், கடையில் எம்ஆர்74 இசட்இசட் என்று கேட்கணும். பல ரீல்களின் கைப்பிடிக் குமிழிலும் இதே அளவுதான். சில ரீல்களில் ரோலருக்கு 5×8×2.5. அளக்காமல் ஆர்டர் போடாதீர்கள். எம்ஆர்74 மூடி இல்லாமல் வந்தால் தடிமன் 2 மி.மீ.தான், அந்த அரை மில்லி இடைவெளியில் ரோலர் ஆடும், பிரெய்டு அந்தச் சந்தில் இறங்கும்.

இசட்இசட் என்றால் இரண்டு பக்கமும் தகர மூடி, 2ஆர்எஸ் என்றால் ரப்பர் சீல். எண்ணுக்கு முன்னால் எஸ் இருந்தால் ஸ்டெயின்லெஸ். பைக், மோட்டார் பேரிங் விற்கும் கடையில் எடுத்துக் கொடுப்பது சாதாரண குரோம் ஸ்டீல்; கடல் காற்றில் அது நிற்காது. எஸ்எம்ஆர்74 இசட்இசட் என்று குறிப்பாகக் கேளுங்கள். அங்கே கிடைக்காவிட்டால் ஆர்சி கார் உதிரிபாகம் விற்பவர்களிடம் இந்தச் சின்ன அளவுகள் எல்லாம் இருக்கும். காந்தம் ஒட்டுகிறதே, ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்குப் போக வேண்டாம். பேரிங்குக்குப் பயன்படும் 440சி ஸ்டெயின்லெஸ் காந்தத்தில் ஒட்டும் வகைதான். துருவும் பிடிக்கும், தாமதமாகப் பிடிக்கும், அவ்வளவே.

ஏபிஇசி 7, 9 என்று கூடுதல் விலை கொடுப்பது ரோலரில் வீண். அது அளவுத் துல்லியத்துக்கான தரம், உப்பைத் தடுக்காது. ஹைபிரிட் செராமிக்கும் அப்படியே: குண்டுதான் செராமிக், ரேஸ் இரும்பு.

மாட்டும்போது பேரிங் ரோலருக்குள் இறங்குவதால் வெளி வளையத்தை மட்டும் அழுத்துங்கள். உள் வளையத்தில் குச்சியை வைத்துக் குத்தினால் அந்த விசை முழுக்க குண்டு வழியாக ரேஸில் இறங்கி, புது பேரிங்கிலேயே குழி விழும்.

வாவித்தூண்டில்:
மட்டக்களப்பில இருந்து. மூடி கழட்டுறதைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்ல. தகர மூடியின்ட ஓரத்தில C வடிவில மெல்லிய கம்பி வளையம் இருக்கோ எண்டு போன் கமெராவைப் பெருப்பிச்சுப் பாருங்கோ. இருந்தால் அதின்ட நுனியை ஊசியால கிளப்பலாம். கட்டாயம் ஒரு தெளிவான பொலித்தீன் பைக்குள்ள கையை விட்டுச் செய்யுங்கோ, அந்தக் கம்பி பறந்தால் பிறகு கிடைக்காது. வளையம் இல்லாட்டி அது அழுத்தி அடைச்ச மூடி, கிளப்பினால் வளைஞ்சிடும். அப்பிடியே ஊறவிட்டுக் கழுவிப் பாக்கலாம், சரிவராட்டி மாத்துறதுதான். ரப்பர் சீல் எண்டால் உள்விளிம்பில ஊசியை வைச்சு நெம்ப வரும், திருப்பியும் போடலாம்.

கடலுக்கு ரோலர் பெயாரிங்கில ஒயில் காணாது, கிறீஸ் அடைக்க வேணும். ஒயில் ரெண்டு தரம் கழுவுப்பட்டால் போயிடும்.

முகத்துவாரம்:
கிரீஸ் சரி, எந்த கிரீஸ்ங்கிறதுதான் கேள்வி. கணக்கு போட்டுப் பாருங்க: ஒரு சுத்துக்கு 1 மீட்டர் நூல் வருது, ரோலர் சுற்றளவு சுமார் 3 செ.மீ. அப்போ ஹேண்டில் ஒரு தடவை சுத்தினா ரோலர் 30 தடவைக்கு மேல சுத்தணும். வினாடிக்கு ஒரு சுத்துன்னா நிமிஷத்துக்கு 2000 பக்கம் வருது. வண்டிக் கடையில கிடைக்கிற ஏபி3 கிரீஸை அடைச்சா, சின்ன லூர் இழுக்குற பிரெய்டுக்கு அந்த ரோலரைத் திருப்புற பலமே இருக்காது. வழுக்கிக்கிட்டு வரும், மறுபடி முறுக்கல். 80 கிராம் ஜிக்குக்கு (கனமான உலோக லூர்) பிரச்சினை இல்ல. என்எல்ஜிஐ (கிரீஸோட கெட்டித்தன எண்) 0 மாதிரி இளகின கிரீஸ் கிடைச்சா அதை நிறைய வைங்க. இல்லன்னா மரைன் கிரீஸ் ஒரு பங்கு, ரீல் ஆயில் ஒரு பங்கு குழைச்சு வைக்கலாம். உடம்புக்குள்ள இருக்கிற மெயின் கியர் பேரிங் ரெண்டும் மெதுவா சுத்துறது, அதுல மரைன் கிரீஸை நல்லா அடைச்சே வைக்கலாம்.

தேங்காய் எண்ணெய் யாரும் சொன்னா கேக்காதீங்க, நாள்பட்டா பிசினாகும். தையல் மிஷின் எண்ணெய் பெய்ட்காஸ்டர் ரீலோட ஸ்பூல் பேரிங்குக்கு ஒரு சொட்டு விடலாம், அடிக்கடி புதுப்பிக்கணும்.

வாவித்தூண்டில்:
ஓம், சின்ன லூருக்கு அது சரி. நான் சொன்னது பாரைக்கு எறியிற பெரிய செட்டுக்கு.

கரைத்தூண்டில்:
கழட்டியாச்சு. வாஷருக்கும் ரோலருக்கும் நடுவுல வெள்ளையா உப்பு, பேரிங்லயும் ஒரு இடத்துல தட்டுது. எஸ்எம்ஆர்74 இசட்இசட் ஆர்டர் போட்டிருக்கேன். கையோட ரோட்டரையும் கழட்டி உள்ளே துடைச்சு கிரீஸ் வச்சேன். இப்போ ஹேண்டில் சில சமயம் பின்பக்கமா கால் சுத்து நழுவி, டக்குனு பிடிக்குது. இது எந்த பேரிங்?

பேரிங்பெட்டி:
அது குண்டு பேரிங் இல்லை. ரோட்டருக்குக் கீழே இருக்கும் ஒருவழி ரோலர் கிளட்ச். உள்ளே சின்ன உருளைகளும் ஸ்பிரிங்குகளும் இருக்கும். உருளை சரிவில் ஏறி நடு ஸ்லீவை இறுக்கிப் பிடிப்பதால்தான் ஹேண்டில் பின்னால் போகாது. கிரீஸ் ஏறினால் உருளை ஒட்டிக்கொண்டு நேரத்துக்கு எழும்பாது, அதுதான் நழுவல். குளிர்காலக் காலையில் இன்னும் மோசமாகும்.

கிளட்சை அதன் கூட்டிலிருந்து பிரிக்க வேண்டாம். ஸ்பிரிங் சிதறினால் புதுசுதான் வாங்கணும். முழுதாக எடுத்து ஆல்கஹாலில் அலசி, நடு ஸ்லீவையும் துடைத்து, உலர்ந்ததும் பஞ்சுக் குச்சியில் மிக மெல்லிய எண்ணெயைத் தொட்டு உருளைகள் மேல் ஒரு தடவல். சொட்டு விட வேண்டாம். எண்ணெயே இல்லாமல் விட்டாலும் கடலில் உருளைகள் துருப்பிடிக்கும்.

ரோட்டர் நட்டைத் திரும்ப முடுக்கும்போது கவனம், சில ரீல்களில் அது இடது மரை. எந்தப் பக்கம் கழன்றதோ அதற்கு எதிர்ப்பக்கம்.

முகத்துவாரம்:
உடம்பைத் திறக்கப் போறீங்கன்னா மெயின் கியர் பேரிங்குக்குப் பின்னால காகிதம் மாதிரி ஷிம் வாஷர் ஒட்டியிருக்கும். கிரீஸோட பேரிங்லயே ஒட்டிக்கிட்டு வரும், துடைக்கும்போது துணியோட போயிடும். எந்தப் பக்கம் எத்தனைன்னு குறிச்சு வைங்க. ஒண்ணு குறைஞ்சா கியர் இடைவெளி மாறி, புது பேரிங் போட்டும் ரீல் உறுமும்.

டைவா மேக்சீல்டு ரீல் வச்சிருக்கிறவங்க மேல சொன்ன குளியல் எதையும் அந்த சீல்டு பேரிங்குகள்ல செய்யாதீங்க. அதுல தண்ணியைத் தடுக்கிறதே காந்த எண்ணெய்தான். ஆல்கஹால்ல அது போயிடும், சாதாரண எண்ணெய் விட்டாலும் கெட்டுடும். அதை சர்வீஸ் சென்டர்லதான் பாக்கணும்.

கரைத்தூண்டில்:
கிளட்ச் சரியாயிடுச்சு. ரோலர் திருகுல பசை திரும்பப் போடணுமா?

முகத்துவாரம்:
போடணும். குறைஞ்ச பிடிமானம் உள்ள வகை, குண்டூசி முனை அளவு, மரையில மட்டும். சிவப்பு வகை போட்டா அடுத்த தடவை திருகு தலை போயிடும். பேரிங் பக்கம் ஒழுகினா புது பேரிங்கும் ஒட்டிக்கும். அதனால முதல்ல பசை இல்லாம மாட்டி, பிரெய்டு போட்டு இழுத்துப் பாத்து, ரோலர் தாராளமா சுத்துதுன்னா அப்புறம் கழட்டிப் பசை போடுங்க. கடல்ல இருந்து வந்ததும் டிராகை (மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கிற பிரேக்) இறுக்கிட்டு மெல்லிசா நல்ல தண்ணி விட்டுக் கழுவுங்க. ஹோஸ்ல பீச்சினா உப்பு உள்ளதான் போகும்.