ரிவால்வர் டிரிகர் வேலை: நான் யாரிடம் கொடுத்தேன், ஏன் கொடுத்தேன்

தக்கலை நண்பர் தன் ரிவால்வரின் டிரிகர் ரொம்பக் கடினமாக இருக்கிறது, யாரிடம் கொடுக்கலாம் என்று கேட்டிருந்தார். இதே கேள்வியோடு ஒன்றரை வருடம் அலைந்தவன் நான். நடந்ததைச் சொல்கிறேன்.

கீரிப்பாறைப் பக்கம் எனக்குக் கொஞ்சம் ரப்பர் தோட்டம் இருக்கிறது. லைசென்ஸில் உள்ளது கான்பூர் தொழிற்சாலையில் செய்த .32 ரிவால்வர். தோட்டாவை அடிக்கும் சுத்தியலைப் பெருவிரலால் பின்னால் இழுத்து வைத்துவிட்டுச் சுட்டால் டிரிகர் இலகுதான். நேராக அழுத்தினால், சுத்தியலைத் தூக்குவதும் தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டரைச் சுழற்றுவதும் அந்த ஒரு விரலின் வேலை. அறுபது தாண்டியதும் எனக்கு விரல் மூட்டில் வலி வந்துவிட்டது. அழுத்தி முடிப்பதற்குள் துப்பாக்கி முனை ஆடிவிடும்.

முதலில் நினைவுக்கு வந்தவர் வடசேரியில் கோவில் நகை செய்யும் நண்பர். அவர் கையில் இருக்கும் நுணுக்கம் இந்த ஊரில் வேறு யாருக்கும் இல்லை. எடுத்துக்கொண்டு போகவே தயாராகிவிட்டேன். தடுத்தவர் அடுத்த தெரு அண்ணன், ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுது பார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். நம் குமரி மாவட்டத்தில் தெருவுக்கொரு பட்டாளத்துக்காரர் உண்டு, ஆர்மரர் அபூர்வம்.

"அவரு தேய்ச்சா பளபளன்னு வரும். இங்க பளபளப்பு முக்கியமில்ல, கோணம்தான் முக்கியம்" என்றார். சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் காடி மிகச் சிறியது. மேல்தோல் மட்டும் கடினப்படுத்திய இரும்பு என்றால், அந்தத் தோல் போகும்வரை தேய்த்துவிட்டால் உள்ளே மென்மையான இரும்பு, சீக்கிரம் தேய்ந்துவிடும். கோணம் மாறினால் இழுத்து வைத்த சுத்தியல் தானாகவே விழலாம்.

"அப்போ நீங்களே பண்ணிக் கொடுங்கண்ணே" என்றேன்.

"கை பண்ணும். பழுது பார்க்க எங்கிட்ட லைசென்ஸ் இல்லையே தம்பி." 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு பழுது பார்ப்பதற்கும் லைசென்ஸ் கேட்கிறது. அவ்வளவு தெரிந்த மனிதர், ஒரு திருகைக்கூடக் கழற்றவில்லை. அந்த மரியாதை எனக்கு இன்னும் அவர்மேல் இருக்கிறது.

சரி, லைசென்ஸ் உள்ள கடையில் கொடுத்தால் போதும் என்று மாவட்டத்துக்கு வெளியே ஒரு கடையில் கொடுத்தேன். ஒரே நாளில் முடித்துவிட்டார்கள். டிரிகர் அவ்வளவு இலகு! சுட்டுப் பார்த்தபோது ஆறில் இரண்டு வெடிக்கவில்லை. தோட்டாவின் அடியில் ஊசி பட்ட தடம் ஆழமில்லாமல் இருந்தது. சுத்தியலை அடிக்க வைக்கும் ஸ்பிரிங்கைத் தேய்த்து மெலிதாக்கியிருந்தார்கள். உயிருக்கு ஆபத்து வந்தால்தான் எடுக்கப்போகும் பொருள் அது. அந்த நேரத்தில் இப்படி நடந்திருந்தால்? இன்றும் அதை நினைத்தால் கோபம் வருகிறது.

மூன்றாவதாகப் போனது வேறு ஊரில் ஒரு வயதான ரிப்பேர்காரரிடம், முறையான லைசென்ஸ் உள்ளவர். கையில் வாங்கியதும் "இதை எதுக்கு வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். தற்காப்புக்கு என்றதும், "அப்போ ரொம்பக் குறைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். மெலிந்த ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டு, அதே மாடலின் புது ஸ்பிரிங் போட்டார். டிரிகரில் தராசு மாட்டி இழுத்துக் காட்டினார், ஏழு கிலோவுக்குப் பக்கம். உரசும் இடங்களில் இருந்த பிசிறை மட்டும் நீவினார். காடியைத் தொடவே இல்லை. மூன்று வாரம் ஆனது.

திருப்பிக் கொடுக்கும்போது, காலித் துப்பாக்கியில் சுத்தியலை இழுத்து வைத்து, பின்னாலிருந்து பெருவிரலால் தள்ளிக் காட்டினார். விழவில்லை. அப்புறம் சிலிண்டரின் ஆறு தோட்டா அறைக்கும் ஒவ்வொன்றாக டிரிகரை மெதுவாக இழுத்து, சுத்தியல் விழும் முன் சிலிண்டர் பூட்டிக்கொள்கிறதா என்று என்னையே பார்க்கச் சொன்னார். இப்போது ஆறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. முப்பது தோட்டா சுட்டேன், முப்பதும் வெடித்தன.

இன்னொன்று. நமக்குத் திருவனந்தபுரம் பக்கம்தான். ஆனால் உங்கள் லைசென்ஸ் தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் என்றால் கேரள எல்லையான களியக்காவிளையைத் தாண்டிப் பழுது பார்க்கக் கொண்டுபோகக் கூடாது. வேறு ஆள் கையில் கொடுத்தனுப்புவதானால் நீங்கள் எழுத்தில் அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும். நான் நானேதான் கொண்டுபோனேன்.

*

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு நண்பரின் பதில்:

அண்ணாச்சி, என் அனுபவம் கொஞ்சம் வேறு. நான் கொண்டுபோன ரிப்பேர்காரர் இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, "இதுல வேலையே இல்ல, உங்க விரலுக்குத்தான் வேலை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். காசும் வாங்கவில்லை. டம்மி தோட்டா (மருந்தில்லாத போலித் தோட்டா) போட்டு, சுவரைப் பார்த்து, தினமும் இருபது தடவை மெதுவாக இழுக்கச் சொன்னார். அசல் தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். மூன்று மாதம் செய்தேன், இப்போது முனை ஆடுவதில்லை. உங்களுக்கு மூட்டு வலி, அது வேறு. ஆனால் தக்கலை நண்பருக்கு வயது என்ன என்று தெரியவில்லை. முதலில் இதைச் செய்து பார்க்கட்டும். எதிர்காலத்தில் வேலை பார்க்க வேண்டி வந்தால், என்னை வெறுங்கையோடு அனுப்பிய அந்த மனிதரிடம்தான் கொடுப்பேன்.