பெரியவர்களுக்கு மலையாள எழுத்து: பாதி வகுப்பு ஒதுங்குகிறது, உதவி தேவை

வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், வீட்டில் தமிழ் பேசும் பெரியவர்களுக்கு மலையாளம் எழுதப் படிக்க மாலை வகுப்பு நடக்கிறது. 14 பேர், வயது 30 முதல் 60 வரை, பெரும்பாலும் கூலி வேலை. ராத்திரி 7 முதல் 8.30 வரை. பேச்சு எல்லோருக்கும் சரளம். எழுத்து வேலை தொடங்கியதும் பாதிப் பேர் ஒதுங்கிவிடுகிறார்கள்.

இடிக்கிற இடம் தெரிகிறது. தமிழில் ஒரே 'க'. மலையாளத்தில் அந்த இடத்தில் நாலு எழுத்து. காதில் வித்தியாசம் பிடிபடாததால் சொல்வதெழுதுதலில் பேனா நின்றுவிடுகிறது. போதாததற்கு, 1971-இல் வந்த மலையாள எழுத்துச் சீர்திருத்தப்படி உகரக் குறியைப் பிரித்து எழுதச் சொல்லிக் கொடுத்தால், கடைப் பலகையில் அது பழைய மாதிரி எழுத்தோடு ஒட்டி நிற்கிறது. "இது வேற எழுத்தா டீச்சர்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

பஸ் போர்டு, ரேஷன் கார்டு, கரண்ட் பில் வைத்து வாசித்துப் பார்த்தாயிற்று. ஆர்வமாக வந்தார்கள், ஆனால் ஊர்ப்பெயரை மொத்தமாக அடையாளம் காண்கிறார்களே தவிர, அதே எழுத்து வேறு சொல்லில் வந்தால் தடுமாற்றம். ஜோடி சேர்த்தால், தமிழில் அஞ்சாவது வரை படித்தவர் பக்கத்தில் இருப்பவருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறார். எழுந்து நின்று வாசிக்கச் சொல்வதை அடியோடு நிறுத்தியாயிற்று. திணறிய பெரியம்மாக்கள் மறுநாள் வருவதில்லை, அவர்களுக்காகத்தானே இந்த வகுப்பே.

பேனாவே பிடித்துப் பழகாதவரும் தமிழ் வாசிப்பவரும் ஒரே அறையில் இருக்கும்போது, யாரையும் தனியாக நிறுத்தாமல் அந்த நாலு எழுத்தையும் பிரித்துக் கேட்டு எழுத வைக்க, உங்கள் வகுப்பில் பலித்த பயிற்சி எது?