அரிசித்தாளா, அரிசியேடா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வியட்நாம் சமையலைப் பற்றி எழுதும்போது அரிசி மாவை மெல்லிசாக வார்த்துக் காயவைக்கும் 'பான் ட்ராங்' என்பதை 'அரிசித்தாள்' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் காகிதம் என்கிறார்கள், நாமும் தாள் என்று போட்டுவிட்டோம். எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை. நெல்லோடு தாள் சேர்ந்தால் நம் காதில் விழுவது வைக்கோல்தான். அரிதாள், தாளடி எல்லாம் அந்த வழியில் வந்த சொற்கள். தவிர, வியட்நாமியச் சொல்லில் காகிதமே கிடையாது. 'ட்ராங்' என்றால் மெல்லிசாகப் பரப்புவது. தோசைக்கல்லில் மாவை இழுக்கிறோமே, அந்த வேலை.

செய்முறையைப் பாருங்கள். கொதிக்கும் பானையின் வாயில் துணியை இறுக்கிக் கட்டி, ஊறவைத்து அரைத்த அரிசி மாவை ஒரு கரண்டி ஊற்றி, கரண்டியின் அடியாலேயே வட்டமாகத் தேய்த்து மூடுகிறார்கள். சற்று நேரத்தில் மூடியைத் திறந்தால் மாவு வெந்து பளபளவென்று இருக்கும். மெல்லிய மூங்கில் குச்சியை அடியில் விட்டு, கிழியாமல் தூக்கி, மூங்கில் தட்டியில் விரித்து வெயிலில் வைக்கிறார்கள். காய்ந்த பிறகும் தட்டியின் பின்னல் அதில் கட்டம் கட்டமாகப் பதிந்திருக்கும். விளக்குக்கு நேரே பிடித்தால் நன்றாகத் தெரியும்.

இதற்கு 'அரிசியேடு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். எழுதுகிற ஏடும் காகிதம் மாதிரிதானே, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதே என்று கேட்கலாம். ஆனால் பாலேடு, தயிரேடு என்று அடுப்படியில் இந்தச் சொல் ஏற்கெனவே புழங்குகிறது. மெல்லிசாகப் படிந்து, பிரித்து எடுக்க வருவதுதான் ஏடு.

'வடாம்' என்றும் சொல்லலாமே என்றால், ஒப்புமை சரிதான். இலை வடாமும் ஆவியில் வெந்து காய்வதுதான். ஆனால் வடாம் என்றதும் எண்ணெய்ச் சட்டி நினைவுக்கு வருகிறது. இதையோ தண்ணீரில் நனைத்து, இறாலும் பச்சிலையும் வைத்துச் சுருட்ட வேண்டும்.

எனக்கு ஏடு பிடித்துப்போனதற்கு இன்னொரு காரணம், அது நன்றாகக் கிளை விடுகிறது. உலர்த்தாமல் அப்படியே உண்பது 'பான் உவொட்'. உவொட் என்றாலே ஈரம், ஆகவே ஈர ஏடு. எள் சேர்த்துத் தணலில் வாட்டியது சுட்ட ஏடு. வடக்கே இதன் பெயர் 'பான் தா'. தெற்கே டே நின் மாகாணத்து ட்ராங் பாங்கில் இரண்டு அடுக்காக வார்த்துக் காயவைத்து, நிலக்கடலைத் தோல் எரியும் தணலில் இலேசாக வாட்டி, இரவுப் பனியில் விரித்து வைக்கிறார்கள். பனி இறங்கிப் பதமாகிவிடுவதால் தண்ணீரில் நனைக்காமலே சுருட்டலாம். வேகவைத்த பன்றி இறைச்சியும் ஆற்றோரக் கீரைகளும் வைத்துச் சாப்பிடுவார்கள். அவர்கள் மொழியிலும் பெயர் பனியை வைத்துத்தான் இருக்கிறது. பனியேடு என்று சொல்லிப் பாருங்கள், எவ்வளவு அழகாக இருக்கிறது!

அப்புறம், நடு வியட்நாமின் குவாங் நாம் பக்கத்து 'பான் தப்'. சுட்ட ஏட்டின் மேல் ஈர ஏட்டை வைத்து, மடித்து, உள்ளங்கையால் ஓர் அடி. நொறுங்கிய துண்டுகள் ஈர ஏட்டில் ஒட்டிக்கொள்ளும். அதைப் பிய்த்து, நொதித்த மீன் சாற்றில் தொட்டுச் சாப்பிடுவார்கள். 'தப்' என்றால் அடிப்பது. இதற்குத் 'தட்டேடு' எனலாமா? தட்டு என்றால் பாத்திரமும் ஆகிவிடுமே என்று தயங்குகிறேன். 'அறையேடு' இன்னும் குழப்பும். இந்த ஒன்றுக்கு மட்டும் வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.