புதுப்பிப்பு: ஏழாம் மாதத்தில் வந்த இடுப்பு வலி

கட்டிலில் புரண்டு படுத்தால்கூட முன்பக்க இடுப்பெலும்பு பிளப்பதுபோல வலிக்கிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன அக்காமார் எல்லோருக்கும் நன்றி. கிளினிக்கில் முதலில் சலம் சோதித்தார்கள், பிறகு ஸ்கான். கிருமித்தொற்று இல்லை, பிள்ளையும் சுகம். இடுப்பு மூட்டுகள் இரண்டு பக்கமும் ஒரே அளவாக அசையாததால் வரும் வலியாம். ஐந்து கர்ப்பிணிகளில் ஒருவருக்கு வருமாம், பிள்ளையைப் பாதிக்காது.

பிசியோ காட்டிய சின்ன விஷயங்கள்தான் பெரிய உதவி. ஆட்டோவில் ஏறும்போது முதலில் சீட்டில் உட்கார்ந்து, இரண்டு முழங்காலையும் சேர்த்தபடி உள்ளே திரும்புவது. உள்ளாடை போடுவதும் உட்கார்ந்துதான். இரவில் முழங்கால்களுக்கு நடுவே தலையணை. வெள்ளவத்தையில் எங்கள் பிளாட் லிப்ட் பழுதானால், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து மெதுவாக ஏறுகிறேன். வலி முழுக்கப் போகவில்லை, ஆனால் நித்திரை வருகிறது.

ஒரு தங்கை, கர்ப்பமில்லாமலே அடிவயிறு வலிக்கிறது என்று கேட்டிருந்தார். எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது), சூலகக் கட்டி, ஃபைப்ராய்டு (கருப்பைத் தசைக் கட்டி), இடுப்பறைத் தொற்று என்று அதற்குப் பல காரணம் இருக்கலாம். மாதவிடாய் என்றால் வலிக்கும்தானே என்று பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம் தங்கச்சி, டொக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்றையும் தயவுசெய்து கவனியுங்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஒருபக்கமாகக் கடும் வலி, தோள் நுனியில் வலி, மயக்கம் வந்தால் கரு கருப்பைக்குள் வராமல் சூலகக் குழாயில் தங்கியிருக்கலாம். பின்மாதங்களில் இரத்தம் படுதல், நீர் உடைதல், காய்ச்சல், விட்டுவிட்டு இறுகும் வலி, பிள்ளையின் அசைவு குறைதல். இவற்றுக்கெல்லாம் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாது. இலங்கையில் 1990 என்ற இலக்கத்தில் கிடைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்தான், உடனே அழையுங்கள்.